லாபநோக்கமில்லாத இணைய இதழ் தொடங்க ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்?

வாசகர் கேள்வி, 14 ஜனவரி 2024

அக்கா, நாங்கள் நான்கு பேர். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் இருக்கிறோம். உலகப் பிரச்சினைகள், சமூகப் பிரச்சினைகள் பற்றித் தமிழில் ஓர் இணைய இதழ் தொடங்கப் போகிறோம். லாப நோக்கம் இல்லை, விளம்பரம் இல்லை, யாருக்கும் சம்பளம் இல்லை. பருவநிலை, அகதிகள், வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாம் வரும். ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

14 ஜனவரி 2024, இரவு 11:20

தம்பி, செலவு மட்டும்தான் என்றால் ஒரு வரியில் சொல்லலாம். எங்கள் இதழுக்குப் போன ஆண்டு 340 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. இணைய முகவரி, சர்வர் வாடகை, வாசகர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சேவை, அவ்வளவுதான். நான்கு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 85 வெள்ளி. பணமில்லாமல் நின்றுபோன இணைய இதழை நான் பார்த்ததில்லை.

நாளைக்குப் பொங்கல், வேலை கிடக்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

16 ஜனவரி 2024

மீதி இதுதான். வெள்ளியை எண்ணுவதற்கு முன்னால் மணிக்கணக்கை எண்ணுங்கள்.

எங்களுக்கு வரும் 1,500 சொல் கட்டுரை ஒன்றைப் படித்து முடிவெடுக்க ஒரு மணி நேரம். அதிலுள்ள பெயர், ஆண்டு, எண்ணிக்கை ஒவ்வொன்றையும் சரிபார்க்க மூன்று மணி நேரம். எழுதியவரோடு பேசித் திருத்த இரண்டு மணி நேரம். பிழை பார்க்க ஒரு மணி. படம் தேடி, அனுமதி வாங்கி, ஏற்ற அரை மணி. ஆக ஏழரை மணி. மாதம் நான்கு கட்டுரை என்றால் 30 மணி நேரம். இது எழுதுகிற நேரம் இல்லை, அடுத்தவர் எழுதியதை வெளியிடத் தகுதியாக்குகிற நேரம். உங்கள் நான்கு பேரில் இந்த 30 மணி நேரத்தை யார் தருவார்கள்? வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்வந்த பிறகு?

சரிபார்க்க மூன்று மணியா என்று கேட்பீர்கள். புகைமூட்டம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. "2013இல் சுமத்ராவில் காடு எரிந்தது, இங்கே காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தொட்டது" என்று ஒரே வாக்கியம். தேடிப் பார்த்தால் ஜூன் 21 நண்பகலில் குறியீடு 401. அப்புறம் "காடு எரிந்தது" என்பது பாதி உண்மைதான். இந்தோனேசியாவின் ரியாவ் மாநிலத்தில் வாரக்கணக்கில் புகைந்ததில் பெரும்பகுதி நிலமே. தோட்டம் போட வடிகால் வெட்டிச் சதுப்பு நிலத்தை உலர்த்துகிறார்கள். அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்திருக்கும் இலையும் வேரும் வெயிலில் காய்ந்து, தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மழை வலுத்தால்தான் அடங்கும். இதைச் சொல்லாமல் விட்டால், ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று வாசகருக்குப் புரியவே புரியாது. இதன் பிறகு 2014இல் எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கு எதிராக இங்கே ஒரு சட்டமே வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மூன்று பத்தியாக்கினோம். அதற்குத்தான் அந்த மூன்று மணி.

21 ஜனவரி 2024, ஞாயிறு

பதிவு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு தளம் நடத்த அமைப்பு எதுவும் தேவையில்லை. சங்கமாகப் பதிய வேண்டுமென்றால் குறைந்தது 10 பேர் வேண்டும், நீங்கள் நான்கு பேர். பங்கு முதல் இல்லாமல், உறுப்பினர் உத்தரவாதத்தின் பேரில் நிறுவனம் பதிவது இன்னொரு வழி, அதற்குக் கணக்கு வழக்கு வேலை கூடும். அறநிறுவனமாகப் பதிந்தால் நன்கொடை கொடுப்பவருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கும்.

உள்ளடக்கத்துக்கு உரிமம் வேறு விஷயம். இங்கே இணையத்தில் வெளியிடுகிறவர்களுக்குப் பொது உரிமம் தானாகவே பொருந்தும். ஆனால் சிங்கப்பூரின் அரசியல், சமய விவகாரங்களைத் தொடர்ந்து எழுதப் போகிறீர்கள் என்றால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். 2013 முதல் இன்னொரு விதியும் உண்டு. வாரம் ஒரு சிங்கப்பூர்ச் செய்தியாவது போட்டு, உள்ளூரிலிருந்து மாதம் 50,000 பேர் பார்க்கும் தளமாக வளர்ந்தால் தனி உரிமமும் 50,000 வெள்ளிப் பிணையும் தேவைப்படும். தமிழ் இதழுக்கு அது தொலைதூரம். ஆனாலும் தொடங்கும்முன் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து விதிகளைப் படித்துவிடுங்கள். பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு எழுதினால் கை நடுங்காது.

22 ஜனவரி 2024

திருத்தம். கணக்காளர் ஒருவர் காலையிலேயே எழுதிவிட்டார், அவருக்கு நன்றி. 250 விழுக்காடு வரிக்கழிவு எல்லா அறநிறுவனத்துக்கும் இல்லை. பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்றவற்றுக்குத் தரும் நன்கொடைக்குத்தான். அறநிறுவனமாவது ஒரு படி, அந்தத் தகுதி அதற்கு மேல் இன்னொரு படி. சங்கமாகவோ நிறுவனமாகவோ பதிந்தாலே அறநிறுவனம் ஆகிவிடுவதும் இல்லை. நேற்று எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

22 ஜனவரி 2024, இரவு

அதே கணக்காளர் நண்பர் கேட்டார்: நன்கொடை திரட்டி வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

எங்களுக்கு இது 2022இல் வந்தது. இலங்கையில் எரிபொருள் இல்லை, மருந்து இல்லை. ஜூலை 14 அன்று அந்நாட்டு அதிபர் கோத்தபாய ராஜபக்ச சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார், இங்கிருந்தே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். அந்த வாரம் எங்கள் இதழைப் படித்த பலருக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தம் இருந்தது. "நீங்கள் வங்கிக் கணக்கு எண் போடுங்கள், நாங்கள் கொடுக்கிறோம்" என்று ஒரே செய்தி மேல் செய்தி. மனசு கிடந்து துடித்தது. ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள் செலவாக வேண்டும் என்பது பொது விதி, விலக்கு கேட்டு வாங்க வேண்டும். அனுமதி பெற்றுத் திரட்டிக்கொண்டிருந்த அமைப்புகளின் விவரத்தை வெளியிட்டு, அங்கே கொடுங்கள் என்று சொன்னோம். இதழின் வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

4 பிப்ரவரி 2024

எங்கள் தவறுகளையும் கேட்டிருந்தீர்கள். பெரிய தவறு ஓர் எண்ணில் நடந்தது.

2022 நவம்பர் 15ஆம் தேதியை உலக மக்கள்தொகை 8 பில்லியனை எட்டிய நாளாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்தது. நாங்கள் மறுநாளே கட்டுரை போட்டோம். நமக்கு இங்கே மில்லியன், பில்லியன்தான் வாயில் வரும். தமிழ்நாட்டு வாசகருக்குக் கோடி வேண்டும். இரண்டும் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பில்லியன் என்பது 100 கோடி. கட்டுரையில் "8 பில்லியன், அதாவது 80 கோடி" என்று போய்விட்டது. மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேர் கண்ணுக்கும் படவில்லை. திருச்சியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதினார்: "இந்தியாவிலேயே 140 கோடிப் பேர் இருக்கிறோமே, மற்ற நாட்டுக்காரர்களை எங்கே அனுப்பினீர்கள்?"

அன்றிலிருந்து ஒரு வழக்கம். எண் வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கண் விட்டதைக் காது பிடிக்கிறது. அப்புறம் தவறைத் திருத்தினால் கட்டுரையின் தலையிலேயே எழுதுவோம், எந்தத் தேதியில், எதை மாற்றினோம் என்று. அந்த ஆசிரியை இப்போது எங்கள் கட்டுரைகளை வெளியிடும்முன் படித்துத் தருகிறார்.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு

முதல் குறிப்பில் "பணமில்லாமல் நின்றுபோன இணைய இதழைப் பார்த்ததில்லை" என்று எழுதினேன். ஒரு மாதமாக அந்த வரி உறுத்துகிறது. அது சரியில்லை. இதழ் நிற்காது, எழுதுகிறவர்கள் நிற்பார்கள். ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் நேரமும் வசதியும் இருப்பவர்கள் மட்டும் எழுதுவார்கள், அவர்களுக்குத் தெரிந்த உலகம் மட்டும் இதழில் வரும்.

"யாருக்கும் சம்பளம் இல்லை" என்று நீங்கள் பெருமையாக எழுதியிருந்தீர்கள். 2016இல் நாங்களும் அதே பெருமையோடுதான் தொடங்கினோம். லாபநோக்கமில்லை என்றால் இதழுக்கு லாபம் வேண்டாம் என்று பொருள். எழுதுகிறவருக்குக் கூலி வேண்டாம் என்று பொருளில்லை. இதை நான் புரிந்துகொள்ள மூன்றாண்டு ஆயிற்று.

புரிய வைத்தவர் ஒருவர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமான வேலை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வரும்போது எங்கள் கூட்டத்தைப் பார்த்து வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். வேலைக்கு லாரியின் பின்னால் உட்கார்ந்து போவது பற்றி. நாங்களும் அதைப் பற்றி எழுதியிருந்தோம், பாதுகாப்பு, சட்டம், மற்ற நாடுகளில் எப்படி என்றெல்லாம். அவர் எழுதியது வேறு. காலையில் கிழக்கே போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், சாயங்காலம் மேற்கே திரும்பும்போதும் முகத்தில்தான் அடிக்கும், ஆகவே ஒரு நாளில் இரண்டு முறை சூரியனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று தொடங்கியிருந்தார். மழை வந்தால் யார் எங்கே நகர்ந்து உட்கார்வது என்று அவர்களுக்குள் யாரும் சொல்லாமலே ஒரு வரிசை உண்டாம். புதிதாக வந்தவர் ஓரத்தில். காய்ச்சல் உள்ளவர் டிரைவர் அறைக்குப் பின்னால், காற்றுப் படாமல். நான் இருபது ஆண்டுகளாக விரைவுச்சாலையில் அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வரிசை என் கண்ணில் பட்டதே இல்லை.

வாரத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு நாள். அந்த நாளின் பாதியை எங்களுக்குத் தந்திருந்தார். அதற்கு நாங்கள் "நன்றி அண்ணே" என்று சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குப் போகும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த மாதமே முடிவெடுத்தோம். வெளியிலிருந்து எழுதுகிற ஒவ்வொருவருக்கும் கட்டுரைக்கு 50 வெள்ளி. நடத்துகிற நாங்கள் ஆறு பேர் ஆளுக்கு மாதம் 25 வெள்ளி போடுவோம். நாங்கள் எழுதினால் வாங்க மாட்டோம்.

முதல் சன்மானத்தை அவருக்குக் கொடுக்கப் போனால், கொடுக்க முடியவில்லை. வேலை அனுமதியில் வந்தவர் எந்த முதலாளிக்காக, எந்த வேலைக்காக வந்தாரோ அதை மட்டுமே செய்ய வேண்டும். கட்டுரைச் சன்மானம் அதற்குள் வருமா வராதா என்று நாங்கள் வாதாடிப் பார்க்கலாம். வாதத்தில் தோற்றால் ஊருக்குப் போகப்போவது அவர். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தைத் தொடங்கினோமோ அவருக்குத்தான் கொடுக்க முடியவில்லை.

அவரிடமே கேட்டோம். யோசித்துவிட்டு, "அம்மாவுக்குப் போன் பார்க்கத் தெரியாது. காகிதத்தில் அடித்து அனுப்ப முடியுமா?" என்றார். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் நல்ல தாளில் ஆறு பிரதி அடித்துப் புதுக்கோட்டைக்கு அஞ்சலில் அனுப்பினோம். பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாளாம். இரண்டாம் பக்கம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "இவன் லாரியில உக்காந்து போறான்னு இதுவரைக்கும் சொல்லவே இல்லையே."

19 பிப்ரவரி 2024

ஆகவே கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். 340 என்றேன். மாதம் இரண்டு வெளிக் கட்டுரை என்றால் சன்மானம் ஆண்டுக்கு 1,200. மொத்தம் 1,540 வெள்ளி. இதுதான் உண்மையான பதில்.

3 மார்ச் 2024

"வெளிநாட்டுத் தளங்களில் நல்ல கட்டுரைகள் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன, மொழிபெயர்த்துப் போட்டுக்கொள்ளலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இலவச உரிமம் போட்டிருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதில் பல வகை. "என்டி" (ND) என்று இரண்டு எழுத்து இருந்தால் மாற்றம் கூடாது என்று பொருள், மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். அப்படியே மறுபதிப்புச் செய்யலாம், தமிழாக்கி வெளியிடக் கூடாது. இது தெரியாமல் ஒரு நண்பர் இரண்டு வாரம் உழைத்து மொழிபெயர்த்த அகதி முகாம் கட்டுரையை வெளியிட்டு, மூன்றாம் நாள் இறக்கினோம். பிறகு அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்டோம், நான்கு நாளில் மகிழ்ச்சியோடு அனுமதி தந்தார்கள். முன்பே கேட்டிருக்கலாம்.

பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி தளத்தைப் பாருங்கள். கிராமப்புற இந்தியா பற்றிய கட்டுரைகள், தமிழ் உட்படப் பல மொழிகளில். ஒரு மொழிபெயர்ப்பை எத்தனை கவனமாகச் செய்யலாம் என்பதற்கு எங்கள் வீட்டுப்பாடம் அதுதான்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். போன வாரம் ஒரு சந்திப்பில் ஒருவர் எழுந்து, "2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, 2010இல் 3.3 ஆக இருந்தது. சுருங்கிக்கொண்டே போகும் கூட்டத்துக்கு உலகப் பிரச்சினை எழுதி என்ன பயன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சரிதானே என்று தோன்றியது. உங்களுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். வாசகர் எண்ணிக்கையை நம்பித் தொடங்காதீர்கள்.

15 ஏப்ரல் 2024

இரவெல்லாம் யோசித்தேன். அந்த 2.5 விழுக்காடு குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் இருக்கிற நம் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. எங்கள் இதழில் ஞாயிறு பிற்பகல் வந்து படிப்பவர்களில் பலர் அவர்கள்தான். வங்காளத் தொழிலாளர்களுக்காக 2006இல் இங்கே ஒரு வங்காளப் பத்திரிகை தொடங்கியதே, அப்போது யார் கணக்கெடுத்துப் பார்த்தார்கள்?

கோவிட் காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். 2020 ஏப்ரலில் விடுதிகள் மூடப்பட்டன, உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை. டிசம்பரில் வெளியான அரசாங்கக் கணக்கின்படி விடுதிவாசிகள் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அந்த மாதங்களில் அவர்கள் அறைக்குள் படுத்துக்கொண்டு போனில் எல்லாவற்றையும் படித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியையும் படித்தார்கள், எங்கள் இதழையும் படித்தார்கள். "அக்கா, இரத்தப் பரிசோதனையில் முன்பே வந்துபோயிருக்கிறது என்கிறார்கள், அப்படியென்றால் என்ன?" என்று ஒரே நாளில் பதினோரு பேர் கேட்டார்கள். மருத்துவர் ஒருவரிடம் கேட்டு எழுதிய அந்த எளிய விளக்கம்தான் இன்றுவரை அதிகம் பேர் படித்த கட்டுரை. அதை எட்டு நிமிட ஒலிப்பதிவாகவும் போட்டோம், கண் மங்கிய பெரியவர்கள் இன்னும் அதைக் கேட்கிறார்கள்.

சந்திப்பில் கேட்டவருக்கு இந்தப் பதிலை அனுப்பிவிட்டேன்.

16 ஏப்ரல் 2024

ஒரு சேர்க்கை. அரிசியைச் சொல்ல மறந்தேன். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் என் அண்ணி ஒரே நாளில் மூன்று மூட்டை வாங்கி அடுக்கினார். அவர் எங்கள் இதழைப் படிப்பவரே இல்லை. அந்த வாரம் அவராகவே கேட்டார், "இட்லி அரிசிக்கும் தடையா?" புழுங்கலுக்குத் தடை இல்லை, ஆகஸ்டில் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. எல் நினோ, மழை தவறியது, உள்நாட்டில் விலை ஏறியது, தேர்தல் நெருங்கியது என்று சமையலறை மேசையில் ஒரு மணி நேரம் பேசினோம். கட்டுரையாக எழுதும்போது அண்ணி கேட்ட வரிசையிலேயே எழுதினேன். உலகப் பிரச்சினையை ஐக்கிய நாட்டுச் சபையில் தொடங்க வேண்டியதில்லை தம்பி, அரிசி மூட்டையில் தொடங்கலாம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "உலகத்துல பிரச்சினை எல்லாம் தீர்ந்துட்டா உங்க பத்திரிகையை என்ன செய்வீங்க?" என்றார். மூவரும் சிரித்தோம். "சமையல் குறிப்பு போடுவோம்மா" என்றேன். "அப்ப நான் எழுதுறேன்" என்றார்.

1 மே 2024

விடுமுறை நாள். எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒன்றை இன்று எழுதுகிறேன்.

2021இல் அந்தப் புதுக்கோட்டைக்காரரின் மூன்றாவது கட்டுரை. புனைபெயர்தான் போட்டோம், முகம் தெரியாத படம்தான் போட்டோம். கையும் மடியில் வைத்த ஹெல்மெட்டும் மட்டும். ஹெல்மெட்டில் நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்தது நான். வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது என்பதற்காக.

நாற்பது நிமிடத்தில் அவரே போன் செய்தார். உடனே எடுத்தோம். ஆனால் அதற்குள் படம் வாட்ஸ்அப் குழுக்களில் போய்விட்டது. மறுநாள் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, "இது நம் ஹெல்மெட் மாதிரி இருக்கே" என்று மட்டும் கேட்டாராம். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்று அவர் இரண்டு வாரம் தூங்கவில்லை. முகவருக்குக் கட்ட வாங்கிய கடன் இன்னும் பாதி இருந்தது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாம நடந்தது அக்கா" என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

இப்போதெல்லாம் படத்தை முழுத் திரைக்குப் பெரிதாக்கி மூலை மூலையாக இருவர் பார்க்கிறோம். சட்டைப் பை, அடையாள அட்டை, பின்னால் நிற்கும் லாரியின் எண், சுவரில் ஒட்டிய அறிவிப்பு. படத்துக்குள் மறைந்திருக்கும் இடம், நேர விவரத்தையும் நீக்குகிறோம். எழுதியவர் வெளியிடும் பக்கத்தைப் படத்தோடு பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளிவராது. நீங்கள் வெளிநாட்டு ஊழியர் பற்றி எழுதப்போகிறோம் என்றீர்கள். இந்த ஒரு குறிப்பை மட்டுமாவது நான்கு பேரும் படியுங்கள்.

12 மே 2024

எழுத்துரு பற்றிய கேள்விக்கு: யூனிகோடு (எல்லாக் கருவியிலும் ஒரேபோலத் தெரியும் பொதுக் குறியீட்டு முறை) போதும், எதையும் தேட வேண்டாம். 2000 வாக்கில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துருவை இறக்கித்தான் படிப்போம், இல்லையென்றால் திரை முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். தமிழை இணையத்தில் ஏற்றிய முதல் முயற்சிகளில் ஒன்று இங்கேதான் நடந்தது, 1995இல், எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் உழைப்பில். 1997இல் தமிழ் இணைய மாநாடும் சிங்கப்பூரில்தான். அவர் 1999இல் காலமாகிவிட்டார். இன்று விடுதியில் படுத்துக்கொண்டு ஒருவர் போனில் தமிழ் தட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

இன்னும் பின்னால் போனால் 1887இல் சிங்கை நேசன், 1935இல் தமிழ் முரசு. கோ. சாரங்கபாணி முரசைத் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக, ஒரு காசு விலையில் வார இதழாகத்தான் தொடங்கினார். லாபத்துக்காக இல்லாமல் சமூகப் பிரச்சினையைத் தமிழில் எழுதுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. பழைய முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தில் பார்க்கலாம், ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

இணைய முகவரியை டாட் எஸ்ஜி-யாக எடுங்கள். 2019 முதல் அந்த முகவரியுள்ள தளங்களைத் தேசிய நூலக வாரியம் சேமித்து வைக்கிறது. எங்களுடையது டாட் காம். ஒருமுறை புதுப்பிக்க மறந்து மூன்று நாள் தளமே இல்லாமல் போயிற்று. அந்த மூன்று நாளும் ஏழாண்டு உழைப்பு காற்றில் போய்விட்டது என்றே நினைத்தேன். புதுப்பிக்கும் தேதியை இரண்டு பேர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

9 ஜூன் 2024

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு மூன்று கட்டுரை, வெளியார் கட்டுரைக்கு 50 வெள்ளி. நல்ல முடிவு. மாதம் நான்கு என்று தொடங்கி மூச்சு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு செய்தி. அந்தப் புதுக்கோட்டை அண்ணன் போன ஆண்டு கடனை அடைத்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். அறந்தாங்கிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வந்து சேராத வயல்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். உங்கள் முதல் இதழுக்குத் தருவாரா என்று கேட்டேன். தருகிறேன் என்றார். இப்போது அவர் கையில் வேலை அனுமதி இல்லை. ஆகவே 50 வெள்ளியைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் போய் ரூபாயாக அனுப்புங்கள். அனுப்புகிற கட்டணத்தை அவர் பங்கிலிருந்து கழித்துவிடாதீர்கள், நீங்கள் தனியாகக் கட்டுங்கள். வெளியிட்டதும் ஆறு பிரதி காகிதத்தில் அடியுங்கள். அம்மா இன்னும் போன் பார்ப்பதில்லை.